சந்தனப் பொட்டு வைத்த பல்பு

"எதுக்குடி உனக்கு அதெல்லாம்? வேல இல்லையா? கம்ப்யூட்டருல கட்டம் கட்டமா கோடு இழுத்து சம்பாரிக்கிறவளுக்குக் கெழவி வெரலு எதுக்கு? விடு கைய!"

போன வாரம் என் பேத்தியை இப்படித்தான் திட்டினேன். எனக்கு ஒரு புதுப் போன் வாங்கி வந்திருந்தாள். விரலை வைத்தால் திறக்குமாம். என் வலது கைக் கட்டைவிரலை வைத்தேன், திறக்கவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தேன், அதற்கும் மசியவில்லை. அவள் என் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாட்டி, இந்த ரெண்டு வெரலுலயும் ரேகையே இல்ல. எங்க போச்சு?"

"பசாருக்குக் காய் வாங்கப் போயிருக்கும். வந்துரும், இரு" என்றேன்.

விடுவாளா? மூன்று நாளாக இதே கேள்வி. சோறு போட்டால் கேட்கிறாள், தலை வாரினால் கேட்கிறாள். ஒரு பொருள் மூடியிருந்தால் அவளால் உட்கார முடியாது. அந்த வியாதி என்னிடமிருந்து போனதுதான், அதனால் அதிகம் திட்டவும் முடியவில்லை. சரி, சொல்லித் தொலைக்கிறேன், நீ எழுதிக்கொள் என்றேன். என் பேச்சை அவள் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது, பொய் இருந்தால் என்னுடையது.

நான் தோட்டத்தில் பிறந்தவள். பால்மரத் தோட்டத்தில் ரப்பர் சீட் அழுத்தும் மெசின் ஒன்று இருந்தது. என் அப்பாவுக்கு அதில்தான் வேலை. மற்ற பிள்ளைகள் ஆற்றில் குளிக்கப் போகும்போது நான் அந்த மெசின் பக்கத்தில் நின்று பல்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எண் தெரியும். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எனக்குப் படம் மாதிரி. ஒன்று ஏணி, ஒன்று கொக்கி, ஒன்று கவிழ்த்த குடை.

கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு, காஜா பெராங்குக்கு வந்தேன். வந்த முதல் வாரமே மாமனார் விட்டுப்போன மணியடிக்கும் கடிகாரத்தைத் திறந்துவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படித் தூங்குவது? திருப்பி மூடியபோது இரண்டு சக்கரம் மிச்சமாகிவிட்டது. ஆனாலும் கடிகாரம் ஓடியது. கொஞ்சம் வேகமாக ஓடியது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ஆற்றோரத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. அந்த வருசம் முழுக்க எல்லாருக்கும் முன்னால் வேலைக்குப் போய் நின்று, நேரம் தவறாத ஆள் என்று பெரிய துரையிடம் பெயர் வாங்கிவிட்டார். அந்த இரண்டு சக்கரமும் என் சீப்புப் பெட்டியில் இருந்தது அவருக்குச் சாகும்வரை தெரியாது.

பிறகு ரேடியோ வந்தது. மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் பச்சைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வருவது மாதிரி கொண்டுவந்தார். தேக்கு நிறப் பெட்டி, முகத்தில் பொன்னிறத் துணி, இரண்டு பக்கமும் திருகு. அதைக் கூடத்து மூலையில், சமையலறை வாசலை ஒட்டிய மேசையில் வைத்தார். மேலே பூப்பின்னல் துணி விரித்தார். திருகை இரண்டு விரலால்தான் தொடுவார், அதுவும் கை கழுவிவிட்டு. பல்பு மாற்றுவதற்கே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவர் அவர்.

எனக்கு அந்த முன்பக்கம் ஒரு பொருட்டே இல்லை. பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக ஒரு அட்டை, அதில் நான்கு திருகாணி. ஓட்டையில் கண்ணை வைத்தால் உள்ளே ஐந்து கண்ணாடிக் குப்பிகள் மினுமினு என்று எரியும். கடைக்காரர்கள் அதை வால்வு என்பார்கள். எனக்கு அது பல்பு. சூடான தூசியின் வாசம் வரும். அந்த வாசம் மூக்கில் பட்டால் எனக்குக் கை அரிக்கும். அரிசி களையும்போதும் அரிக்கும், துணி பிழியும்போதும் அரிக்கும்.

மத்தியானம் வீட்டுக்காரர் வேலையில் இருப்பார், மாமியார் கண் அசந்திருப்பார். தையல் மெசினின் திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வொரு பல்பாகக் கழற்றினால் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போகும். ஒன்றைக் கழற்றினால் எல்லாமே ஊமை. இன்னொன்றைக் கழற்றினால் வண்டு மாதிரி உறுமல் மட்டும். எழுதி வைக்கத் தெரியாது, அதனால் எது எங்கே என்று மறக்காமல் இருக்க வாசலில் கோலமாகப் போட்டுவிடுவேன். பல்பு இருக்கும் இடத்தில் புள்ளி, வயர் போகும் வழியில் கோடு.

"என்னடி கோலம் இது? ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சூம்பிக் கெடக்கு?" என்பார் மாமியார்.

"புது மாதிரி, அத்த."

"எவ சொல்லிக் குடுத்தா?"

"சிங்கப்பூருலேருந்து வந்திருக்கு, அத்த."

பொய் இல்லையே, ரேடியோ சிங்கப்பூரிலிருந்து வந்ததுதான்.

இரண்டு தடவை மாட்டிக்கொண்டேன். முதல் தடவை திட்டோடு போயிற்று. இரண்டாம் தடவை அவசரத்தில் இரண்டு பல்பை இடம் மாற்றிச் சொருகிவிட்டேன். ரேடியோ இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ரெண்டு பேர் வீடு மாறிக் குடியிருக்காங்க என்று கடைக்காரர் சிரித்திருக்கிறார். வீட்டுக்காரர் வந்து கூடத்தில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"இந்தா, கேட்டுக்க. இன்னொரு தடவ அந்த அட்டையத் தொறந்தே, ரேடியோ நேரா செமாபோக்குக்குப் போயிரும். அண்ணன் வீட்டுல வெச்சிருவேன். அண்ணி உன்ன மாதிரி நோண்ட மாட்டாங்க."

அது சரிதான். அந்த அக்கா எதையும் நோண்ட மாட்டார். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். எங்கள் வீட்டில் ஏன், எதற்கு என்று நான் கேட்டால் எரிந்து விழாமல் பதில் சொன்ன ஒரே ஆள் அந்தப் பெட்டிதான். அதன் பிறகு நான் தொடவில்லை. எட்டு மாதம் தொடவில்லை. நடுவில் ஆறேழு தடவை தொட்டிருக்கலாம், அதெல்லாம் கணக்கில் வராது, யாரும் பார்க்கவில்லை.

மலாயா சுதந்திரம் வாங்குகிற நாள், மெர்டேக்கா நாள், வந்தது. சனிக்கிழமை காலையில் கோலாலம்பூரில் நடப்பதை ரேடியோவில் சொல்வார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் வீட்டு வரிசையில் பேசுகிற ரேடியோ எங்களிடம் மட்டும்தான். வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய் எல்லாரையும் அழைத்துவிட்டார். சுதந்திரத்தையே இவர்தான் வாங்கி வந்த மாதிரி அழைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமியார் சொன்னார்:

"நாளைக்கு வரிசையே வந்து ஒக்காரப் போவுது. எத்தன கண்ணு! இப்பவே சந்தனத்த ஒரச்சு ரேடியோவுக்கு ஒரு பொட்டு வெச்சிரு. சாயங்காலம் பலகார வேலயில மறந்துருவ."

எங்கள் வீட்டில் உழைக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் வெள்ளிக்கிழமை பொட்டு உண்டு. தையல் மெசினுக்கு, சைக்கிளுக்கு, அம்மிக்கு, அரிவாள்மனைக்கு. சொல்லிவிட்டு அவர் பாயில் சாய்ந்தார். நான் சந்தனத்தை நன்றாகக் குழைத்துக்கொண்டு போனேன். மத்தியானப் பாட்டு முடிந்து ரேடியோவை அப்போதுதான் அணைத்திருந்தேன்.

பெட்டியின் நெற்றியில் விரலை வைக்கப்போனவள் நின்றுவிட்டேன். இந்தப் பலகை என்ன உழைக்கிறது? சும்மா நிற்கிறது. உள்ளே வெந்துகொண்டு கிடப்பது அந்த ஐந்து பேர். உழைக்கிறவனை விட்டுவிட்டு அவன் வீட்டுச் சுவருக்குப் பொட்டு வைத்தால் சாமி சிரிக்காதா? இதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட நியாயம். உண்மை, கை அரித்தது. திறக்க ஒரு சாக்கு கிடைத்தது, அதுவும் மாமியார் வாயால் கிடைத்தது.

நான்கு திருகாணியையும் கழற்றினேன். ஐந்து பேரில் பெரியவன் நடுவில் இருந்தான். மரியாதைக்கு அவனுக்கு முதலில் வைப்போம் என்று ஈரச் சந்தனத்தை அவன் வயிற்றில் ஒரு அப்பு அப்பினேன்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். நகம் வெட்டுகிற சத்தம்கூட அதைவிடப் பெரிது. கண்ணாடியில் முடி மாதிரி ஒரு கோடு ஓடியது. அவன் உச்சியில் வெள்ளி பூசிய மாதிரி பளபளவென்று ஒரு திட்டு இருக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மங்கி, பால் மாதிரி வெளுத்துப்போனது. ஆள் போய்விட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஊமை.

பாயில் மாமியார் புரண்டு படுத்தார். நான் பல்பைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அட்டையை மூடினேன். அவசரத்தில் ஒரு திருகாணி எங்கோ உருண்டுவிட்டது.

"அத்த, வெத்தல தீந்துருச்சு. டவுனுக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"நேத்துத்தானே ஒரு கவுளி வந்திச்சு?"

"வாடிப் போச்சு, அத்த."

அந்த வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியெல்லாம் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள், கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கொடியும் கண்ணில் நிற்கவில்லை. முந்தானை முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்து என்ன பயன், செத்தவன்.

ரேடியோ ரிப்பேர் பார்க்கும் சீனர் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தார். அன்றைக்கு அங்கே நிற்க இடமில்லை. மலாக்காவில் இருக்கிற அத்தனை ரேடியோவும் நாளைக்குப் பேச வேண்டுமே! முதுகைத் திறந்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது மாதிரி இருபது முப்பது பெட்டிகள். நான் முடிச்சை அவிழ்த்துப் பல்பை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சந்தனத்தைப் பார்த்தார், முகர்ந்தார். அவர் மலாயில் கேட்டார், நான் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். தமிழ்ப் பொம்பிளைகள் அவருக்கு அச்சி, கடை முதலாளி எங்களுக்குத் தவுக்கே.

"அச்சி, இது என்ன? பல்புக்குத் தலவலியா? மருந்து போட்டியா?"

"சாமி கும்பிட்டேன், தவுக்கே."

"சூடா இருக்கும்போதா?"

"ஆமா."

"நல்லா கும்பிட்ட. நேரா சாமிகிட்டயே போயிருச்சு."

கடையிலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுதால் யார் பல்பு தருவார்கள்? அந்த நம்பர் பல்பு கடைசி ஒன்று காலையிலேயே விற்றுவிட்டதாம். இனிச் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், அடுத்த வாரம் ஆகும் என்றார். நான் நகரவில்லை. அங்கேயே நின்றேன். வருகிறவர் போகிறவரெல்லாம் இடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை.

"கெட்டுப்போன பழைய ரேடியோ யாரு வீட்டுலயாவது இருக்கா பாரு. ரேடியோ செத்தாலும் உள்ள இருக்கிற எல்லாரும் சாக மாட்டாங்க. இதே படம் போட்ட பல்பு கெடச்சா சொருகு."

என் உள்ளங்கையில் பென்சிலால் அந்த நம்பரை வரைந்து காட்டினார். ஒரு எண், ஒரு கவிழ்த்த குடை, மறுபடி ஒரு எண். வெற்றிலை வாங்க மறந்து பாதி வழி வந்து, திரும்ப ஓடி வாங்கினேன்.

எங்கள் வரிசைக்குக் கோடியில் ஒரு மலாக்காச் செட்டி வீட்டு அம்மா இருந்தார், பல தலைமுறைக்கு முன்னாலேயே இங்கே வந்து மலாய் பேசப் பழகிய வம்சம். சாமி கும்பிடுவதில் எங்களுக்கு ஒரு படி மேலே. தமிழ் பேசச் சொன்னால் சாமி பெயரும் பலகாரத்தின் பெயரும்தான் வரும், மற்றதெல்லாம் மலாய். கெபாயாச் சட்டை போட்டு, சாரோங் கட்டி, கொண்டையில் ஊசி குத்தி ராணி மாதிரி உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவரை மாக்சிக் என்போம், மலாயில் சின்னம்மா மாதிரி. அவர் வீட்டில் செத்துப்போன ரேடியோ ஒன்று இருந்தது. புருசன் வாங்கி வைத்தது. ஊமையாகி வருசக்கணக்கில் வெற்றிலைப் பெட்டிக்கு மேசையாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் போய் நின்றேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"என்ன, மூஞ்சி செத்த கோழி மாதிரி இருக்கு?"

ஒன்றையும் மறைக்கவில்லை. அவரிடம் மறைத்தால் பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும், சொல்லிவிட்டால் யாருக்கும் சொல்ல மாட்டார். கேட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீ கிலா! பைத்தியம்! சந்தனத்தப் போயி நெருப்புல வெச்சிருக்க."

"மாக்சிக், அந்தப் பொட்டியத் தொறக்கவா?"

"தொற. ஆனா நாளைக்கு எனக்கு முன்னால எடம் வேணும். கீழ பாயில ஒக்கார மாட்டேன். நாக்காலி."

வெற்றிலைப் பெட்டியை இறக்கிவிட்டு அட்டையைத் திறந்தேன். எலிப் புழுக்கையும் தூசியும். எலி கடித்த வயர் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இதற்காகவா இத்தனை வருசம் ஊமையாக இருந்தது என்று அதைப் பிடித்து முறுக்கக் கை போனது. கையை நானே அடித்துக்கொண்டேன். தூசியைத் துடைக்கத் துடைக்க, மூன்றாவது பல்பில் ஒரு எண், ஒரு கவிழ்த்த குடை, ஒரு எண். உச்சியில் வெள்ளி பளபளவென்று இருந்தது.

ஆனால் கழற்றும்போது ஒன்றைக் கவனித்தேன். கண்ணாடிக்கும் அதன் கறுப்புக் காலுக்கும் நடுவே இருந்த பசை காய்ந்து, கழுத்து ஆடியது. பால் பல் ஆடுமே, அப்படி.

வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாகச் செய்தி கேட்க ரேடியோ பக்கம் போனார். நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன்.

"என்னங்க, இன்னிக்குப் போடாதீங்க. நாளைக்குக் காலையிலேருந்து பேசணும். ஒரு ராத்திரியாவது ஓய்வு குடுங்க."

வேறு எதைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார். ரேடியோ என்றதும் முகம் மாறிவிட்டது.

"அதுவும் சரிதான்" என்று துணியை இழுத்து மூடினார்.

மாமியார் மட்டும் முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"வெத்தலைக்கு ரொம்ப நேரம் ஆச்சுடி."

"கூட்டம், அத்த. சொதந்திரத்துக்கு எல்லாரும் வெத்தல வாங்குறாங்க."

காலையில் அவர் கொடி கட்ட வெளியே போனார். மாமியார் குளிக்கப் போனார். பல்பைச் சொருகினேன். திருகைத் திருப்பினேன். பல்பு சூடேற ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம் ஆகும். அதற்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. மெல்ல உறுமியது. உறுமல் பெருகி, ஒரு ஆள் மலாயில் பேசினார். உட்கார்ந்து மூச்சு விட்டேன். உடனே ஊமை.

பல்பைத் தட்டினேன், பேசியது. விட்டேன், நின்றது. இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் பேசுகிறது, கையை எடுத்தால் நிற்கிறது. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தேன், நழுவியது. குச்சி வைத்தேன், அதுவும் விழுந்தது. வாசலில் செருப்புச் சத்தம். மாக்சிக்தான். நாற்காலிக்கு முதல் ஆளாக வந்துவிட்டார்.

"ஆச்சா?"

"பாதி ஆச்சு, மாக்சிக்."

அவர் முன்னால் நாற்காலியைப் போட்டுச் சம்பிரமமாக உட்கார்ந்தார். பின்னாலேயே எதிர்வீட்டுக்காரி வந்தாள், ஆம்பிளைகள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். கூடம் நிறைந்தது, வாசல் நிறைந்தது. வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து இரண்டு விரலால் திருகைத் திருப்பினார். நான் சமையலறை வாசலில் நின்றேன். பொம்பிளைகள் நிற்கிற இடம்தானே அது. கதவுத் திரைக்குள் பாதி உடம்பு, வலது கை மட்டும் ரேடியோவின் முதுகுக்குள். சட்டி இறக்குகிற பழந்துணியைச் சுற்றிப் பல்பைப் பிடித்துக்கொண்டேன். பேசியது.

எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்காரர் அவருக்குத் தட்டிய மாதிரி தலையாட்டினார்.

ரேடியோ பேசிக்கொண்டே இருந்தது. அங்கே மழை பெய்து நேரமாகிவிட்டதாம். இன்னும் தொடங்கவில்லை, இன்னும் தொடங்கவில்லை. எனக்குத் தோள் வலித்தது. துணியைத் தாண்டிச் சூடு ஏறியது. கால் மாற்றி நின்றேன். கொஞ்சம் அசைந்தால் கரகரக்கும், எல்லாரும் ரேடியோவைப் பார்ப்பார்கள், நான் கூரையைப் பார்ப்பேன்.

"கோப்பி கொண்டா" என்றார் வீட்டுக்காரர்.

நான் அசையவில்லை.

"இந்தா, ஒன்னத்தான். எத்தன பேரு வந்திருக்காங்க!"

இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கையை எடுத்தால் ரேடியோ ஊமை. ஊமையானால் அட்டையைத் திறந்து பார்ப்பார்கள். பார்த்தால் செமாபோக். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"அத்த, நீங்க கொஞ்சம் குடுங்களேன்."

மருமகள் மாமியாரைக் கோப்பி ஊற்றச் சொல்கிறாள், அதுவும் ஊர் முன்னால். எதிர்வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண் சிரித்தது. மாமியார் எழுந்தார். நேராக என்னிடம் வந்தார். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் கன்னத்தில் ஒன்று விடுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை போகிற இடத்தைப் பார்த்தார். பிறகு கீழே தரையைப் பார்த்தார். நேற்று உருண்டுபோன திருகாணி அவர் கால்மாட்டில் கிடந்தது. குனிந்து எடுத்தார்.

"பொட்ட எங்கடி வெச்ச?" ரகசியமாகத்தான் கேட்டார்.

"உள்ள."

"உள்ளயா?"

"நீங்கதானே ரேடியோவுக்கு வெக்கச் சொன்னீங்க?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு இன்றுவரை எனக்கு அர்த்தம் முழுசாகத் தெரியாது. திருகாணியை இடுப்பில் செருகிக்கொண்டு, கோப்பிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"அவளுக்குக் கை சுளுக்கு. நான்தான் அசையாம நில்லுன்னு சொன்னேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

அவர் இடித்துக்கொண்டு போனதில் துணி நழுவி உள்ளே எங்கோ விழுந்துவிட்டது. எடுக்க முடியாது. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் கூட்டத்தின் இரைச்சல் எழுந்தது. ஒரு ஆள் நிறுத்தி நிறுத்திப் படித்தார். மாக்சிக் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். நான் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வெறும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுட்டது. தோசைக்கல்லைத் தொட்டுவிட்டு எடுக்காமல் இருந்தால் எப்படி இருக்கும், அப்படிச் சுட்டது. பல்லைக் கடித்தேன்.

"மெர்டேக்கா!" என்றது ரேடியோ.

கூடத்தில் எல்லாரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். மறுபடி, மறுபடி. ஏழு தடவை. மாக்சிக் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுதார். மாமியார் கோப்பிச் சட்டியோடு கையைத் தூக்கினார். எனக்கு ஒரு கைதான் மிச்சம், அது இடது கை. இடது கையைத் தூக்கி நல்ல காரியத்தை வரவேற்றால் விளங்குமா? அதனால் வாயால் மட்டும் கத்தினேன். வலியில் கத்தியதும் அதிலேயே சேர்ந்துகொண்டது. அந்த வரிசையில் என்னைவிடச் சத்தமாக மெர்டேக்கா சொன்னவர் யாரும் இல்லை.

எல்லாரும் போன பிறகு மாமியார் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார். விரல் இரண்டும் வெந்து வெளுத்திருந்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து அப்பினார்.

"இப்ப வெய்யி பொட்டு" என்றார்.

"அத்த, அவருகிட்ட…"

"என்னத்தச் சொல்ல? சந்தனம் வெக்கச் சொன்னது ஒங்க ஆத்தாதான்னு நீ அவங்கிட்ட சொல்லிட்டா எம் மூஞ்சிய எங்க வெக்கிறது? அது செமாபோக்குக்குப் போனா அந்தப் பெரிய மருமவ அலமாரியில வெச்சுப் பூட்டிருவா. அப்புறம் எனக்கு மத்தியானப் பாட்டு யாரு பாடுறது, நீயா?"

இடுப்பிலிருந்து திருகாணியை எடுத்து என் கையில் வைத்தார். "போயி மூடு. சாயங்காலம் கேட்டா, சூடாயிருச்சு, ரெண்டு நாளு ஓய்வு குடுக்கணும்னு சொல்லு. நேத்து நம்புனவன் இன்னிக்கும் நம்புவான்."

நம்பினார். அடுத்த வாரம் சிங்கப்பூரிலிருந்து பல்பு வந்தது. மாமியார்தான் வெற்றிலை வாங்க என்னை அனுப்பினார். ரேடியோ செமாபோக்குக்குப் போகவே இல்லை.

ஆனால் எதிர்வீட்டுக்காரிக்குத் தூக்கம் வரவில்லை. மெர்டேக்காவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பைப்படியில் தண்ணீருக்கு நிற்கும்போது பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் ஆறேழு வாளி, ஆறேழு பொம்பிளைகள்.

"ஏன்டி, நேத்து எல்லாரும் கையத் தூக்குனோம், நீ மட்டும் தூக்கல? வெள்ளக்காரன் போறானேன்னு வருத்தமா?"

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"தூக்கியிருப்பேங்க்கா. ஆனா நான் மட்டும் கைய எடுத்திருந்தா ஒங்க யாருக்குமே சொதந்திரம் வந்திருக்காது. ரேடியோவுக்குள்ள நான்தான் அதப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

பைப்படியே சிரித்தது. என் மாமியார் பக்கத்தில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நெசந்தான். நானும் கண்ணால பாத்தேன்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

எதிர்வீட்டுக்காரி விடவில்லை. என் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"அப்ப வெரலுல என்ன கட்டு?"

"அதுவா? சொதந்திரம் கொஞ்சம் சூடா இருந்திச்சுக்கா. வந்த புதுசுல்ல."